மூத்தவரின் கீழே இரண்டு பெயர்

தாழ்வுபாட்டிலிருந்து மன்னார்ப் பட்டினத்துக்குப் போகிற வீதியில் பாதித் தூரம் நடந்துவிட்டேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு காற்சட்டை, போன் சார்ஜர். எனக்குப் பின்னால் கடற்கரையில் மீன் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்காமலே அது தெரிந்தது. ஐஸ் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் எனக்கு எதிரே வந்து கடற்கரைப் பக்கம் பறந்துகொண்டிருந்தன. மீன் படாத நாளில் அவை அப்படி ஓடுவதில்லை.

எனக்குப் பழக்கமான வியாபாரி ஒருவர் என்னைக் கண்டு பிரேக் பிடித்தார்.

"எடேய், எங்கை போறாய்? உங்கடை வலையிலை நல்ல மீனாமே?"

"ஓம், நல்ல மீன்."

"நீயும் இழுத்தனிதானே? பங்கு எடுக்காமல் எங்கை நடக்கிறாய்?"

"பட்டினத்துக்குப் போறன்."

"மீன் படாட்டி நடக்கிறவனைக் கண்டிருக்கிறன். பட்டாப் பிறகு நடக்கிற விசரனை இண்டைக்குத்தான் காணுறன்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மீன் நன்றாகப் பட்டதுதான் என் கரைச்சல். அது இன்னொருவனுடைய முறையில் பட்டது. கொஞ்ச நாளுக்கு முன்வரை அந்த முறை என்னுடையதாக இருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் அப்பா மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்துக்குப் பிறகு இறங்கி வந்து, பெரியமடுப் பக்கம் கூலிவேலை செய்தவர். அவருடைய அப்பாவின் பெயர் எனக்குத் தெரியும். அதற்கு மேலே ஒரு பெயரும் தெரியாது. சண்டைக்காலத்தில் எங்கெங்கே இருந்தோம் என்று சொல்லப் போனால் அது வேறு கதை. சண்டை முடிந்தபின் கல் அரிந்தேன், உப்பளத்தில் நின்றேன், கட்டாரில் சீமெந்து சுமந்து ஒப்பந்தம் முடியமுதலே திரும்பினேன். வவுனியாவில் மீள்குடியேற்ற விபரம் எடுத்த ஒரு நிறுவனத்தில் காவலாளியாக நின்றபோது, விபரம் பதிகிற பிள்ளை கலியாணம் முடித்துப் போய்விட்டாள். வேறு ஆள் கிடைக்கும்வரை என்று என்னை அந்தக் கதிரையில் இருத்தினார்கள். கணினியில் அட்டவணை போட அங்கேதான் பழகினேன். அரைகுறையாகத்தான். பிறகு அந்த நிறுவனமும் மூடிக்கொண்டு போய்விட்டது.

தாழ்வுபாட்டுக்கு நான் வந்தது கரைவலைக் கயிறு இழுக்க. வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். அப்படி வலை வளைக்கிற கரைத்துண்டுக்குப் பாடு என்று பெயர். ஒரு பாட்டில் ஒரே நேரத்தில் எல்லா வலைகளையும் வளைக்க முடியாது. ஆகவே முறை உண்டு. இன்றைக்கு இந்த வலை, நாளைக்கு அந்த வலை. எல்லா வலையும் போட்டு முடிந்தால் ஒரு சுற்று.

முறையும் காணியைப் போலப் பிரியும். வலைக்குரிய பெரியவர் செத்துவிட்டால் அது பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும். பருவத்தின் முதற்சுற்று மூத்தவர் வீட்டுக்கு, அடுத்த சுற்று இரண்டாமவர் வீட்டுக்கு, பிறகு கடைசியின் வீட்டுக்கு. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் அந்த வீட்டின் சுற்று முதல் தடவை மூத்த பிள்ளைக்கு. இளையது அடுத்த தடவைவரை காத்திருக்க வேண்டும். கச்சான்காற்று ஓய்ந்து வாடைக்காற்றுத் தொடங்கும்போது மீன் கரைக்கு அண்டி வரும். முதற்சுற்றில் படுவது நாலாம் சுற்றில் படாது. நாலாம் சுற்றில் சில நாள் வலைக்குள் சாதாளைப் பாசிதான் வரும்.

இதை வைத்து வருடாவருடம் சண்டை. மீனவர் சங்கத்துக் கந்தோரில் யாரோ கொடுத்த பழைய கணினி ஒன்று துணி போர்த்தியபடி கிடந்தது. சங்கத் தலைவர் நான் கயிறு இழுத்த வலையின் சொந்தக்காரர், சம்மாட்டியார். எனக்குக் கணினி தெரியும் என்று கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்த முறையள் எல்லாத்தையும் உதுக்குள்ளை ஏத்தித் தாறியோ? ஒரு கடதாசியிலை எடுத்துச் சுவரிலை ஒட்டிவிட்டால் ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது."

ஏற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. புதிதாக ஒரு வரி திறந்தால் கணினி தானாகவே அதற்கு ஓர் இலக்கம் கொடுக்கும். பக்கத்தில் நான் இன்னோர் இலக்கம் போடுவேன். அது இந்த ஆள் யாருக்குக் கீழே வருகிறார் என்பதைச் சொல்லும். பாட்டின் கீழே வலை, வலையின் கீழே பெரியவர், அவர் கீழே பிள்ளைகள், பிள்ளைகளின் கீழே பேரப்பிள்ளைகள். திரையில் ஒரு பெயரை அழுத்தினால் அதன் கீழே இருப்பவர்கள் கிளைவிட்டு இறங்குவார்கள். சனம் வந்து தங்கள் தங்கள் பெயரை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரே தகப்பனின் கீழுள்ள பிள்ளைகளை எந்த ஒழுங்கில் காட்ட வேண்டும் என்று நான் அதற்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாவிட்டால் அது தான் கொடுத்த இலக்கத்தின்படி, அதாவது பதிந்த ஒழுங்கிலே காட்டும். சம்மாட்டியார் ஒவ்வொரு வீட்டையும் மூத்தவரிலிருந்து தொடங்கிச் சொன்னார், நானும் அப்படியே பதிந்தேன். ஆகவே திரையில் வந்தது ஊரின் ஒழுங்காகவே இருந்தது. மூத்தவர் யார் இளையவர் யார் என்று கணினிக்குத் தெரியும் என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன்.

வேலைக்குக் கூலி கொடுக்கச் சங்கத்தில் வழியில்லை. சம்மாட்டியார் ஒரு வழி சொன்னார். அவர் வீட்டில் மூன்று ஆண்கள். அவர் நடுவில். தம்பி இறந்துவிட்டார், தம்பியின் மனைவியை ஊரில் எல்லாரும் மாமி என்பார்கள். மூத்தவர் சண்டைக்குள் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவர், அங்கேயே முகாமில் காலமானார்.

"அண்ணரின்ரை முறையை இவ்வளவு காலமும் நான்தான் போட்டனான்" என்றார். "இந்தப் பருவம் நீ போடு. வள்ளமும் வலையும் என்ரை. இழுக்கிற ஆக்களின்ரை பங்கு போக மிச்சம் உனக்கு."

முதற்சுற்று. என் வாழ்க்கையில் ஒருவரும் எனக்கு எதையும் முதலாவதாகத் தந்ததில்லை. அன்றைக்கே போய் மூத்தவரின் பெயரின் கீழே என் பெயரைப் பதிந்தேன். மூத்தவரை அழுத்தினால் நான் கிளைவிட்டு இறங்கினேன். அதை எத்தனை தடவை அழுத்திப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அதன்பிறகு வலையில் என் வேலை கூடிவிட்டது. ஒருவரும் கேட்காமலே கிழிசல் பொத்தினேன். கயிற்றை வெயிலில் விரித்துக் காயவிட்டேன். நல்ல இழுவைகாரர்களைப் பார்த்து, என் முறைக்கு வரச் சொல்லி முன்கூட்டியே பேசி வைத்தேன். "சின்னச் சம்மாட்டியார் வாறார்" என்று அவர்கள் நக்கலடித்தார்கள். எனக்கு அது நக்கலாகப் படவில்லை.

பருவம் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மூத்தவரின் மகன் இந்தியாவிலிருந்து வந்து இறங்கினான்.

என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவன். முகாமில் பிறந்து வளர்ந்தவன். சுவருக்கு வர்ணம் அடிக்கிற வேலை. கடலில் கால் நனைத்ததற்கு மேலே ஒன்றும் தெரியாது. கதைப்பதும் இந்தியக் கதைதான். என்னை முதல்முதல் கண்டபோது, "அண்ணே, சாப்ட்டீங்களா?" என்று கேட்டான். நல்லவனாகவும் இருந்தான். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வந்த அன்றே மாமி வீட்டில் பாரை மீன் தலையை அவனுடைய சோற்றுக் கோப்பையில் போட்டார்கள். நான் அந்த வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன், எனக்கு வாலடிதான் வரும். சுவரில் தொங்கிய மூத்தவரின் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவன் நடந்தால் தகப்பன் நடந்த மாதிரியாம். இருமினால் தகப்பன் இருமின மாதிரியாம். தெருவில் போகிற கிழவர்கள் சைக்கிளை நிறுத்தி, "நீ ஆற்றை மேன்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவன் தலையைத் தடவினார்கள். நான் அந்த ஊரில் இருந்த காலம் முழுக்க என்னை யாரும் யாருடைய மகன் என்று கேட்டதில்லை. "எவ்விடத்து ஆள்?" என்றுதான் கேட்பார்கள்.

சம்மாட்டியார் அவனைக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவன்ரை பேரையும் போட்டுவிடு" என்றார்.

போட்டேன். மூத்தவரை அழுத்தினேன். இரண்டு பெயர் இறங்கியது. மேலே நான், கீழே அவன்.

பிந்திப் பதிந்ததால் அவனுக்குப் பெரிய இலக்கம். கணினிக்கு வேறொன்றும் தெரியாது. நான் புதிய கடதாசி எடுத்து எல்லாரும் பார்க்கிற சுவரில் ஒட்டினேன். அதன்படி முதற்சுற்று என்னுடையது. அவனுக்கு மூத்தவர் வீட்டின் அடுத்த முறை, அதாவது நாலாம் சுற்று.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் கந்தோர் வாசலுக்கு வந்தது. மாமிதான் முதலில் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"இஞ்சை வாங்கோ எல்லாரும். எங்கடை மூத்தவருக்கு ரெண்டு பொடியளாம். பெரியவர் இஞ்சை நிக்கிறார்" என்று என்னைக் காட்டினார். "எப்ப தம்பி அண்ணைக்குப் பிறந்தனீர்? எனக்கொரு சொல்லும் சொல்லேல்லை."

வாசல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"கொம்பியூட்டர் அப்பிடித்தான் மாமி போடும். முதல் பதிஞ்சவர் முதல்."

"அப்ப முதல் வந்து கோயில் வாங்கிலை குந்தினவன் பூசை வைப்பானோ?" என்றார் பின்னால் நின்ற ஒரு கிழவர்.

"பகிடி விடாதேங்கோ ஐயா" என்றேன். "நான் ஞாயம் கேக்கிறன். வலை பொத்தினது ஆர்? கயிறு காயவிட்டது ஆர்? ஆக்களைப் பிடிச்சு வைச்சது ஆர்? இவர் வந்து ரெண்டு கிழமை. வந்த ஒழுங்கிலை முறை வாறது என்ன பிழை? கடையிலை, ஆஸ்பத்திரியிலை எல்லாம் அப்பிடித்தானே?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சம்மாட்டியார் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கோபமாகக் கதைத்திருந்தால் நானும் கதைத்திருப்பேன். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

"தம்பி, ஆஸ்பத்திரியிலை மருந்துக்கு நிக்கிறம். பாட்டுக்கு ஒருத்தரும் வந்து நிக்கிறேல்லை. பிறக்கிறது. நான் உனக்குத் தந்தது ஆள் இல்லாத முறை. இப்ப ஆள் வந்திட்டுது."

அப்போது மூத்தவரின் மகன் வாயைத் திறந்தான்.

"சித்தப்பா, அண்ணனே மொதல்ல போடட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. எனக்கு வலையே தெரியாது."

அந்த வாசலில் நின்ற அத்தனை பேரின் முகமும் அவனைப் பார்த்து மலர்ந்தது. "தேப்பன்ரை குணம்" என்றார் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. நான் கேட்டபோது அது பேராசை. அதையே அவன் விட்டுக்கொடுத்தபோது அது குணம். அவன் தருவதாக இருந்தால் அந்த முறை எனக்கு வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

"ஒருத்தரும் ஒருத்தருக்கும் குடுக்கத் தேவையில்லை" என்றார் சம்மாட்டியார். "கடதாசி பிழை. அதைத் திருத்து. இண்டைக்கு இவனைக் கீழை போட்டது, நாளைக்கு இன்னொரு வீட்டிலையும் போடும். இந்தியாவிலை இருந்து இன்னும் சனம் வரும்."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் விளங்கியது. பிந்தி வருகிற ஒவ்வொரு மூத்த பிள்ளையையும் அந்தக் கணினி கடைக்குட்டி ஆக்கிவிடும்.

அன்று பின்னேரம் கணினிக்கு முன்னால் இருந்தேன். சம்மாட்டியாரும் மாமியும் ஆளுக்கொரு கதிரை இழுத்து எனக்குப் பின்னால் இருந்தார்கள். முதலில் அகரவரிசையில் அடுக்கச் சொன்னேன். கிளைகள் எல்லாம் கலைந்து, முழு ஊரும் ஒரே நிரையாக வந்து நின்றது. மாமியின் பேரனுடைய பெயர் அகரத்தில் தொடங்குகிறது. அவன் எல்லாருக்கும் மேலே ஏறிவிட்டான். அவனுடைய பூட்டன், வலைக்குரிய பெரியவர், மிகக் கீழே கிடந்தார்.

"என்ரை ராசா பூட்டனைப் பெத்திட்டான்" என்றார் மாமி.

அதை அழித்துவிட்டு, பிறந்த ஒழுங்கு என்று புதிதாக ஓர் இடம் திறந்தேன். வலைகளுக்கு அவற்றின் வரிசை, ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு என்று நானே இலக்கம் போட்டு, அதன்படி அடுக்கச் சொன்னேன். பத்தாவது வலை இரண்டாவது வலைக்கு மேலே போய் நின்றது. நான் அந்த இடத்தை எழுத்துக்கு என்று திறந்திருந்தேன். எழுத்தாகப் பார்த்தால் பத்து ஒன்றில் தொடங்குகிறது, ஆகவே அது ஒன்றுக்குப் பக்கத்தில் போய்விடும்.

"இதை ஒட்டினால் ரெண்டாம் வலைக்காரன் மீன் குத்துற மண்டாவோடை வருவான்" என்றார் சம்மாட்டியார்.

அதையும் அழித்து, இலக்கத்துக்கு என்று இன்னோர் இடம் திறந்து, எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். பிறகு சொன்னேன்: முதலில் எல்லாரையும் அவரவர் தகப்பனின் கீழே விடு. பிறகு ஒவ்வொரு தகப்பனின் கீழும் மட்டும் இந்த இலக்கப்படி அடுக்கு. சரியாக வந்தது. பாட்டுக்குப் பாடு, வீட்டுக்கு வீடு, சம்மாட்டியார் வாயால் சொன்னால் எப்படி வருமோ அப்படி. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

"உனக்கு என்ன இலக்கம் போட்டனி?"

"இன்னும் போடேல்லை."

"ரெண்டு போடு. உன்ரை பேரை எடுக்கச் சொல்லி ஆர் சொன்னது? நாலாம் சுற்று உன்ரை."

இரண்டு போட்டேன். மூத்தவரை அழுத்தினேன். மேலே அவன், கீழே நான்.

அதோடு ஆறியிருக்கலாம். நாலாம் சுற்றும் ஒரு சுற்றுத்தான். பருவம் தொடங்கிய அன்று பங்குச் சுவாமியார் வந்து வலைகளுக்குத் தீர்த்தம் தெளித்தார். எங்கள் வலையின் நாள் வந்தபோது நான் வழமைபோலக் கயிற்றுக்குப் போனேன். அவனை வள்ளத்தில் ஏற்றினார்கள். வலையை விட்டுக்கொண்டு போகிறபோது அவன் குனிந்து வாந்தி எடுப்பது கரைக்குத் தெரிந்தது. இழுவைகாரர்கள் சிரித்தார்கள். சத்திக்கு மணக்கத் தேசிக்காய் எடுத்துக்கொண்டு நின்ற மாமி அவர்களைப் பார்த்து, "என்ன பல்லைக் காட்டுறியள்? தேப்பனும் முதல் நாள் சத்தி எடுத்தவர்தான்" என்றார்.

சத்தியிலும் அவனுக்கு ஒரு பரம்பரை இருந்தது.

கரைக்கு வந்து கயிற்றைப் பிடித்தபோது அவன் கயிற்று வளையத்துக்குள் காலை வைத்துக்கொண்டு நின்றான். இறுகினால் காலை அறுத்துவிடும். எனக்கு முன்னால் நின்ற கிழவர் குனிந்து, தன் கையாலேயே அவன் காலைத் தூக்கி வெளியே வைத்தார். "கயித்துக்குள்ளை கால் வையாதை ராசா" என்றார். நான் வந்த புதிதில் இதே பிழையைச் செய்தபோது அதே கிழவர் "கண் என்ன பிடரியிலையோ?" என்று கேட்டுவிட்டு, ஈரக் கயிற்றின் நுனியால் என் காலில் ஒன்று போட்டார்.

வலை கனத்தது. கயிற்றைப் பிடித்திருப்பவனுக்குக் கண் தேவையில்லை, கைக்குத் தெரிந்துவிடும். எல்லாருடைய இழுவையும் மாறியது. மீன் சேர்கிற பையான மடி கரைக்குக் கிட்ட வந்ததும் தண்ணீர் கொதித்தது. உள்ளே முழுக்கப் பாரை. நடுவில் சீலாவும் கிடந்தது. இப்படி மீன் பட்டுக் கன வருடம் என்று சம்மாட்டியார் சொன்னார். அவனை நாலு பேர் தூக்கினார்கள். அவனுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. சிரித்துக்கொண்டு, ஆளாளுக்குக் கை கொடுத்துக்கொண்டு நின்றான்.

அந்த மடி என் மடியாக வந்திருக்க வேண்டியது என்று நினைத்துக்கொண்டு நான் கயிற்றைச் சுருட்டினேன். அவன் இந்தியாவிலேயே கலியாணம் முடித்து அங்கேயே இருந்திருக்கலாம். ஒரு பருவம் பிந்தி வந்திருக்கலாம். வந்தவனுக்குக் கடல் பயமாக இருந்திருக்கலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

அவன் என்னைத் தேடி வந்தான்.

"அண்ணே, எங்க போனீங்க? நீங்க பொத்துன வலை, நீங்க புடிச்சு வச்ச ஆளுங்க. எனக்கு வர்றதுல பாதி நீங்க எடுத்துக்கோங்க. சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"வேண்டாம்."

"கோபமா அண்ணே?"

"இல்லை. நீர் போம், அங்கை தேடுவினம்."

அவன் போகாமல் நின்றான். ஈரத்தோடு, செதில் ஒட்டிய கையோடு என் தோளைத் தொட்டான். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் சொல்ல இருக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. இன்னும் ஒரு சுற்று அந்தக் கரையில் நின்றால் அவனை எனக்குப் பிடித்துவிடும், அல்லது அவன் கால் கயிற்று வளையத்துக்குள் இருக்கும்போது நான் பார்க்காதவன்போல நிற்பேன். இரண்டில் எது நடக்கும் என்று எனக்கு நிச்சயமில்லை.

கந்தோர் திறந்து கிடந்தது. கணினியைப் போட்டு மூத்தவரை அழுத்தினேன். அவன் பெயருக்குக் கீழே இருந்த என் வரியை அழித்தேன். மற்றவர்களின் வரியை அழிக்கப் போனால், இவர் கீழே இருப்பவர்களை என்ன செய்வது என்று அது கேட்கும். என் கீழே ஒருவரும் இல்லாதபடியால் ஒன்றும் கேட்கவில்லை. அழிந்துவிட்டது. கணினியை நிறுத்தித் துணியைப் போர்த்திவிட்டு, மாமி வீட்டில் நான் படுத்தெழும்புகிற பத்தியில் கிடந்த என் பையை எடுத்துக்கொண்டு வீதிக்கு ஏறினேன். வீட்டில் யாரும் இல்லை, எல்லாரும் கடற்கரையில்.

அப்படித்தான் அந்த வியாபாரி என்னை வீதியில் கண்டார்.

பட்டினத்தில் நிற்க மனம் வரவில்லை. பஸ் நிலையத்தில் தாழ்வுபாட்டு ஆட்கள் யாராவது நிற்பார்கள். கழுதைகள் படுத்திருந்த சந்தியைக் கடந்து, தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கிற தாம்போதியில் ஏறி நடந்தேன். காற்று ஒரு பக்கமாகத் தள்ளியது. தள்ளாடிச் சந்தி கழிந்து, சின்ன உழவு மெசினான லான்ட்மாஸ்ரரில் வந்த ஒருவர் என்னைக் கண்டு நிறுத்தி, நெல்மூட்டைமேல் ஏறிக்கொள்ளச் சொன்னார். அவர் பாப்பாமோட்டைவரைதான் போவதாகச் சொன்னார். நானும் அதுவரைதான் என்றேன்.

பாப்பாமோட்டையில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் என் பையைப் பார்த்துவிட்டு, வேலை தேடுகிற ஆள் என்று விளங்கிக்கொண்டார்.

"விடிய உழவு மெசின் ஒண்டு வரும். வாய்க்கால் துப்பரவுக்கு ஆள் ஏத்துவினம். வந்த ஒழுங்கிலைதான் எடுப்பினம், பிந்தினால் இடமில்லை" என்றார். "உந்த வாங்குப் பலகையிலை படும். அப்ப நீர்தான் முதல் ஆள்."

படுத்தேன்.

விடிந்ததும் மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கடை வாசலில் நின்றார்கள். பெட்டி பூட்டிய உழவு மெசின் வந்தது. மேற்பார்வைக்காரர் குடையோடு இறங்கினார்.

"ஆர் முதல் வந்தது?"

"நான்" என்றேன். "நேற்றே வந்திட்டன்."

"ஏறும்."

ஏறினேன். எனக்குப் பிறகு மற்றவர்கள் ஏறினார்கள். பெட்டி நிரம்பி மெசின் புறப்படும்போது பின்னால் ஒரு சைக்கிள் மணி கேட்டது. "மாமா, நில்லுங்கோ!" என்று கத்திக்கொண்டு ஒருவன் வந்தான். மேற்பார்வைக்காரர் அவனைச் சாரதிக்குப் பக்கத்தில் மட்காட்டில் இருத்தி, தன் குடையை அவன் கையில் கொடுத்தார். கடைசியாக ஏறிய மனிதரைப் பார்த்து, "நீங்கள் நாளைக்கு வாங்கோ அண்ணை" என்றார். அந்த மனிதர் இறங்கிக்கொண்டார்.

வாய்க்காலில் இடுப்புக்குச் சேறு, அதன்மேல் ஆளுயரச் சம்புப் புல். மேற்பார்வைக்காரர் ஆட்களை நிரைக்கு விட்டார். தலைப்பில், தண்ணீர் தெளிவாக இருந்த இடத்தில், குடையை வாங்கிக்கொண்டவன் நின்றான்.

"உமக்கு இந்த வேலை பழக்கமோ?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை. பழகுவன்."

"அப்ப கடைசி ஆளுக்குப் பின்னாலை நில்லும். அவர் செய்யிறதைப் பாத்துச் செய்யும்."

மண்வெட்டி ஒன்று தந்தார். மேலே வெட்டியவர்கள் கலக்கிய சேறு எல்லாம் என் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. தலைப்பில் நின்றவனை ஒரு தடவை பார்த்தேன், அவன் சட்டை இன்னும் நனையவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைசி ஆளுக்குப் பின்னால் இறங்கிச் சம்பை வெட்டத் தொடங்கினேன்.